சுவருக்குள் எந்த கேபிள்? கேட்5இ, கேட்6, கேட்8, ஃபைபர்

கேள்வி: மே 4

திண்டுக்கல் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழ்த்தளம், மாடி. நெட்வொர்க் ஒயருக்காகச் சுவரில் காடி வெட்டும் வேலை இந்த மாதக் கடைசியில். கேட் (Cat) என்றால் ஒயரின் தர வகையாம். எலக்ட்ரீஷியன் "கேட்5இ போதும் சார், அதுவே ஜாஸ்தி" என்கிறார். கடைக்காரர் "இனிமேல் கேட்8தான்" என்கிறார். மச்சான் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை போடு, ஒளி வேகத்தில் போகும் என்கிறான். வைஃபை இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்பது மனைவியின் கேள்வி. யார் பேச்சைக் கேட்பது?

மே 4, இரவு

நாலு பேரில் உங்கள் மனைவி கேட்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை போதும். ஆனால் ரவுட்டர் கீழே ஹாலில் இருந்தால், மாடிக்கு நடுவே கான்கிரீட் தளம், அதற்குள் கம்பிகள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். மாடியில் இன்னொரு வைஃபை பெட்டி (ஆக்சஸ் பாயின்ட்) வைக்கத்தான் வேண்டும், அதற்குக் கீழிருந்து ஒயர் வர வேண்டும். டிவி, மேசைக் கம்ப்யூட்டர், கேமரா மூன்றும் இடத்தை விட்டு நகராதவை. நகராததற்கு ஒயர் கொடுத்துவிட்டால் நகர்கிற சாதனங்களுக்கு வைஃபை தாராளமாகக் கிடைக்கும்.

கேட்8 வேண்டவே வேண்டாம். டேட்டா சென்டரில் சர்வரையும் பக்கத்து ரேக்கில் இருக்கும் சுவிட்சையும் (பல நெட்வொர்க் ஒயர்களை இணைக்கும் பெட்டி) இணைக்க வந்தது அது. நொடிக்கு 25, 40 கிகாபிட் போகும், ஆனால் 30 மீட்டர்தான் கணக்கு. ஷீல்டு (உலோக உறை) சுற்றி, தடிமனாக, விறைப்பாக வரும். வீட்டுக்குப் போடும் பைப்பில் இரண்டாவது வளைவிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த வேகத்தில் அனுப்பும் பெட்டியும் உங்களிடம் இல்லை, வாங்கும் பெட்டியும் இல்லை.

எலக்ட்ரீஷியன் சொன்னதும் தப்பில்லை. கேட்5இ 100 மீட்டருக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். 2016-ல் வந்த 2.5 கிகாபிட் முறை இதே ஒயரை நம்பித்தான் எழுதப்பட்டது. ஏற்கெனவே போட்டவர்கள் பிடுங்க வேண்டாம். புதிதாக இழுப்பதென்றால் கேட்6. காடி வெட்டி, பூசி, இழுக்கும் கூலியோடு பார்த்தால் ஒயர் விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மே 5

கேட்6ஏ ஏன் சொல்லவில்லை, கேட்7 ஏன் சொல்லவில்லை என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கேட்6 என்பது 250 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்பட்ட ஒயர். 10 கிகாபிட் அதில் சுமார் 55 மீட்டர் வரை ஓடும். நிறைய ஒயர்களைக் கட்டாகக் கட்டி இழுத்தால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறி அந்தத் தூரம் குறையும். 6ஏ 500 மெகாஹெர்ட்ஸ், 10 கிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் கொண்டுபோகும். வீட்டுக்குள் ஒரே ஒயர் 55 மீட்டர் தாண்ட வேண்டுமென்றால் செட்டிநாட்டு வீடாகத்தான் இருக்க வேண்டும். அலுவலகத்துக்குக் கேட்டிருந்தால் 6ஏ என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேட்7 ஒரு குழப்பக் கேஸ். அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ அதை ஏற்கவே இல்லை. அதற்கென்று வகுத்த கனெக்டரும் நெட்வொர்க் ஒயர் முனையில் நாம் பார்க்கும் ஆர்ஜே45 அல்ல. ஆன்லைனில் ஆர்ஜே45 மாட்டி, தட்டையாக, ரிப்பன் மாதிரி "கேட்7" என்று விற்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மே 7

எந்த கேட் என்று இத்தனை பேர் சண்டை போடுகிறோம், உள்ளே இருப்பது செம்பா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன.

சந்தையில் சிசிஏ என்று ஒரு சரக்கு உண்டு. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பார்த்தால் செம்பு மாதிரியே இருக்கும், விலை கணிசமாகக் குறைவு. கேட்5இ, கேட்6 தரங்கள் எதிலும் சிசிஏவுக்கு இடம் கிடையாது. அப்படியானால் சிசிஏ ஒயர் மேல் "கேட்6" என்று அச்சடிப்பதே பொய்தான். ஆனாலும் அடிக்கிறார்கள், விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம். ஒரே தடிமனில் சிசிஏவின் மின்தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஐந்து மீட்டர் ஒயரில் இது தெரியாது. தெரிய வேண்டுமென்றால் பிஓஇ கேமரா மாட்ட வேண்டும், அதாவது டேட்டா ஒயரிலேயே கரன்ட்டும் போகும் கேமரா.

ஒரு கல்யாண மண்டபத்தில் வாசலுக்கு மேல் ஒரு கேமரா. பகல் முழுக்க நன்றாக ஓடும். இருட்டியதும் ஆஃப் ஆகும், ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும். மாட்டியவர் கேமராவை மாற்றினார், அப்புறம் சுவிட்சை மாற்றினார். பேய் பிடித்த கேமரா என்று மண்டபத்துக்காரர் எலுமிச்சம்பழம் கட்டாத குறை. விஷயம் இதுதான்: இருட்டினால் கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கும், இழுக்கும் கரன்ட் கூடும், நீள சிசிஏ ஒயரில் வோல்டேஜ் இறங்கும், கேமரா அணைந்து மறுபடி தொடங்கும். எல்இடி எரியும்போது மறுபடி அதே கதை. செம்பு ஒயர் இழுத்ததும் பேய் போய்விட்டது.

பிஓஇ வளர வளர இது இன்னும் மோசமாகும். 2003-ல் வந்த முதல் தரத்தில் சுவிட்சின் ஒரு போர்ட் (ஒயர் செருகும் துளை) கொடுப்பது 15.4 வாட். 2009-ல் 30 வாட். 2018 தரத்தில் 90 வாட் வரை. அத்தனையையும் அலுமினிய ஒயர்க் கட்டு வழியாகச் சுவருக்குள் அனுப்பினால் ஒயர் சூடாகும். அதை நான் என் வீட்டில் செய்ய மாட்டேன்.

மே 8

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது. "உயர் அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும், அங்கே செம்புதான் இருக்கிறதே, உள்ளே அலுமினியம் இருந்தால் என்ன?"

இயற்பியல் சரி. 100 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் சிக்னல் இறங்கும் ஆழம் 7 மைக்ரானுக்கும் குறைவு. கேபிள் டிவி ஆர்ஜி6 ஒயரின் நடுக் கம்பி பல சமயம் செம்பு பூசிய இரும்புதான். காந்தம் வைத்தால் ஒட்டும். அங்கே அது ஏமாற்று இல்லை, போகும் சிக்னல் முழுக்க உயர் அதிர்வெண் என்பதால் அந்த வடிவமைப்பே அப்படி.

நெட்வொர்க் ஒயரில் நிலைமை வேறு. சிக்னலின் கணிசமான பகுதி குறைந்த அதிர்வெண்களில் இருக்கிறது, 1 மெகாஹெர்ட்ஸில் அந்த ஆழம் 66 மைக்ரான், பூச்சைத் தாண்டி அலுமினியத்துக்குள் போய்விடும். பிஓஇ நேர்மின்சாரமோ முழு கம்பியையும் பயன்படுத்தும். இதோடு இன்னொன்றும் உண்டு: அலுமினியம் இரண்டு மூன்று தரம் மடக்கினால் ஒடியும். கனெக்டரின் பல் குத்திய இடத்தில் காற்றுப் பட்டு ஆக்சைடு படியும். மாட்டிய அன்று டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஒரு வருஷம் கழித்து 1 கிகாபிட் ஓடிய போர்ட் 100 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள், இன்டர்நெட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

மே 8, மறுபடியும்

எப்படிக் கண்டுபிடிப்பது? கடையிலேயே பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலே தெரியும், அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுரண்ட விடாத கடையில் வாங்காதீர்கள்.

மே 12

டெஸ்டரில் எட்டு விளக்கு என்று எழுதினேன் அல்லவா, அந்த விளக்குகளை நம்புவது பற்றி ஒரு விஷயம்.

ஒயருக்குள் நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றும் முறுக்கப்பட்டது. 1881-ல் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிய யோசனை அது, அப்போது தொலைபேசிக்கு. ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் எதிரெதிராகச் சிக்னல் போகும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும், கடைசியில் கழித்துப் பார்த்தால் இரைச்சல் ஓடிவிடும், சிக்னல் நிற்கும். நான்கு ஜோடிக்கும் முறுக்கின் நெருக்கம் வேறு வேறு. பிரித்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். ஒரே நெருக்கமாக இருந்தால் பக்கத்து ஜோடியோடு பேச ஆரம்பித்துவிடும்.

இப்போது கிரிம்பிங், அதாவது கம்பிகளைக் கனெக்டருக்குள் அடுக்கி அழுத்துவது. பி முறையில் (T568B) வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பார்க்கிறவருக்கு அந்த பச்சையும் நீலமும் ஏன் இப்படிக் கலைந்து கிடக்கிறது என்று தோன்றும். அதைச் "சரிசெய்து" நிறம் நிறமாக அடுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் அப்படியே போட்டால் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை அழகாக எரியும், ஏனென்றால் அந்த டெஸ்டர் கேட்பது கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வருகிறதா என்பதை மட்டும்தான். கனெக்டரின் 3-ம் பின்னுக்கும் (pin) 6-ம் பின்னுக்கும் வரும் கம்பிகள் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். நிறம் நிறமாக அடுக்கினால் அந்த இரண்டும் வேறு வேறு முறுக்கில் போய் விழும். முறுக்கின் பலன் போச்சு. நெட் வரும், ஆனால் இழுக்கும். பெரிய ஃபைல் அனுப்பினால் நின்று நின்று போகும். ஒரு பள்ளியின் லேப் முழுக்க இப்படிப் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு முனை விடாமல் வெட்டி மறுபடி அடித்தோம்.

முனையில் முறுக்கைப் பிரிப்பதும் 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். உறையைத் தாராளமாக உரித்து, பிரித்து, விரல் நீளத்துக்குத் தொங்கவிட்டு அடிப்பதும் கிட்டத்தட்ட அதே தப்பு.

மே 12, இரவு

"அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை, ஒரே ஒயர்தான்" என்று மதுரை அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அண்ணாச்சி, அந்தக் காலத்தை நானும் பார்த்தவன்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஆர்ஜி58 கோஆக்சியல். 50 ஓம், ஒரு துண்டு 185 மீட்டர் வரை. ஒவ்வொரு மெஷின் பின்னாலும் ஒரு டி வடிவ பிஎன்சி கனெக்டர், ஒயர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும், இரண்டு கோடியிலும் டெர்மினேட்டர். அந்த டெர்மினேட்டர் இல்லாவிட்டால் முனைக்குப் போன சிக்னல் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும். பையன் யாராவது காலை நீட்டி டி-யை உதைத்தால் அந்த ஒரு மெஷின் மட்டும் நிற்காது, வரிசை மொத்தமும் படுக்கும். எந்த டி என்று கண்டுபிடிக்க மேசைக்குக் கீழே தவழ வேண்டும். கூடுதல் டெர்மினேட்டரைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பாதியில் மாட்டி, இந்தப் பாதி உயிர் வந்ததா, அந்தப் பாதியா என்று பார்ப்போம்.

அதற்கும் முந்தைய தடித்த மஞ்சள் ஒயரை நான் தொட்டதில்லை. 500 மீட்டர் போகும், 2.5 மீட்டருக்கு ஒரு குறி இருக்கும், அந்த இடத்தில் துளைத்து ஊசியைச் செருகி இணைப்பார்கள். 1990-ல் 10பேஸ்-டி என்ற முறை வந்து, மெஷினுக்கு ஒரு ஒயர், நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் ஹப் என்று ஆனபோதுதான் தவழ்வது நின்றது. அண்ணாச்சிக்கு ஏக்கம் இருந்தால் இருக்கட்டும், என் முழங்காலுக்கு இல்லை.

மே 15

மச்சானுக்குப் பதில் பாக்கி. ஃபைபரில் ஒளி போகிறது, ஆகவே வேகம் என்பது பரவலான எண்ணம். கண்ணாடிக்குள் ஒளி, வெற்றிடத்தில் போகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் போகும், நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். நல்ல செம்பு ஜோடியில் சிக்னல் போவதும் ஏறக்குறைய அதே வேகம். ஃபைபரின் பலம் வேறு இரண்டு: ஒரே இழையில் எத்தனை எத்தனையோ கிகாபிட்டைத் திணிக்கலாம், பல கிலோமீட்டர் போனாலும் ஒளி அதிகம் மங்காது. 1966-ல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் கண்ணாடியின் அழுக்கை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே இழப்பைக் கொண்டுவரலாம் என்று எழுதினார்கள். 1970-ல் கார்னிங் அதைச் செய்துகாட்டியது. இன்று 1550 நானோமீட்டர் ஒளியில் கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 டெசிபல்தான். காவோவுக்கு 2009-ல் நோபல்.

தாமதம் எங்கே தெரியும் என்றால் அந்தமானைப் பாருங்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தார்கள். 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே வர கால் நொடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. கடலடியில் 1,400 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு வழிக்கு 7 மில்லிசெகண்ட். இங்கே கண்ணாடி ஜெயித்தது வேகத்தால் அல்ல, வழி குறுகியதால்.

வீட்டுக்குள் 15 மீட்டருக்கு ஃபைபர் போட்டால் இந்த ஆதாயம் எதுவும் கிடைக்காது. இரண்டு முனையிலும் மாற்றிப் பெட்டி வைக்க வேண்டும், பிஓஇயும் போகாது.

மே 19

வீட்டுக்குள் வேண்டாம் என்றேன். வெளியே என்றால் என் பதில் நேர்மாறு. தோட்டத்து மோட்டார் ரூம், எதிர் கட்டிடம், தனியாக நிற்கும் ஷெட் இதற்கெல்லாம் செம்பு இழுக்காதீர்கள்.

நேற்றைய கோடை மழையில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து போன். மோட்டார் ரூம் கேமராவுக்கு வெளியே கேட்6 இழுத்திருந்தார்கள். இடி அந்த ஒயர் மேல் விழவில்லை, எங்கோ பக்கத்தில். நீளமான ஒயரில் தூண்டப்பட்ட வோல்டேஜ் போதும், சுவிட்சின் போர்ட்டுகள் போயின, ரவுட்டரும் போனது. இடி இல்லாத நாளிலும் இரண்டு கட்டிடத்துக்கு இரண்டு எர்த் குழி, இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். ஷீல்டு போட்ட ஒயர் இருந்தால் அந்த வித்தியாசம் ஷீல்டு வழியாகவே ஓடப் பார்க்கும். கண்ணாடியில் கரன்ட் ஓடாது. இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (முன்பு சொன்ன மாற்றிப் பெட்டி), ஒரு சிங்கிள் மோட் கேபிள், முடிந்தது.

ஏன் சிங்கிள் மோட் என்றால், உள் இழை சுமார் 9 மைக்ரான், ஒளிக்கு ஒரே வழி, கிலோமீட்டர் கணக்கில் போகும். மல்டி மோடில் 50 அல்லது 62.5 மைக்ரான், ஒளி பல வழிகளில் போய் முன்பின்னாக வந்து சேரும், அதனால் தூரம் குறைவு. முன்பு மல்டி மோட் பெட்டிகள் மலிவு என்று போட்டார்கள். வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்த பிறகு நம் கடைகளில் சிங்கிள் மோட் சாமான்தான் மலிவு.

மே 20

மேலே சொன்னதற்கு ஒரு ஒட்டு. வெளியில் கட்டும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்குப் பெரும்பாலும் இரும்புக் கம்பி இருக்கும். எலி, அணிலுக்குப் பயந்து இரும்பு உறை போட்டதும் வரும். கண்ணாடி கடத்தாது, இந்த இரும்பு கடத்தும். கட்டிடத்துக்குள் நுழையும் முன் அந்த இரும்பை வெட்டி நிறுத்துங்கள், அல்லது முறையாக எர்த் செய்யுங்கள். பெட்டி வரை இழுத்து வந்து கட்டினால் ஃபைபர் போட்டதன் பாதிப் பலன் போய்விடும்.

மே 26

காடி வெட்டியாயிற்று என்று படம் போட்டிருக்கிறீர்கள். கரன்ட் ஒயரும் நெட்வொர்க் ஒயரும் ஒரே பைப்பில். எலக்ட்ரீஷியனிடம் இன்றே பேசுங்கள். இரைச்சலை விடுங்கள், உறை உரசிக் கிழிந்தால் 230 வோல்ட் உங்கள் டிவி போர்ட்டுக்கு வரும். தனி பைப், 25 மிமீ, கரன்ட் பைப்பைக் கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். பைப்புக்குள் ஒரு கட்டுக்கம்பியை விட்டுவைத்தால் நாளைக்கு வேறு எதையும் இழுத்துக்கொள்ளலாம். இழுக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து கயிறு இழுக்கும் போட்டி நடத்த வேண்டாம், 11 கிலோ இழுவைக்கு மேல் போனால் முறுக்கு கலையும்.

மொட்டை மாடிக்குப் போகும் துண்டு மட்டும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற ஒயராக இருக்கட்டும். உள்ளே போடும் சாம்பல் நிற ஒயர் நம் வெயிலில் வெடித்துவிடும்.

ஜூன் 2

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, போகட்டும். வீட்டுக்கு வரும் ஃபைபர் இன்டர்நெட் பற்றித் தேனிக்காரர் கேட்டது (ஓஎன்யூ என்பது அந்த ஃபைபர் வந்து முடியும் பெட்டி): "ஓஎன்யூவில் பவர் மைனஸ் 27 காட்டுகிறது, மழை வந்தால் சிவப்பு விளக்கு. லைன்மேன் எல்லாம் சரி என்கிறார்."

சரியில்லை. கம்பெனியிலிருந்து ஒளி கிளம்பும் இடத்தில் பவர் பிளஸ் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 10.5 டெசிபல் சாப்பிடும். 5 கிலோமீட்டர் இழை ஒன்றரை, கனெக்டரும் இழையை ஒட்டிய இடங்களும் சேர்ந்து இரண்டு. மைனஸ் 20, 21 வர வேண்டும். வழக்கமான ஓஎன்யூ மைனஸ் 27 வரைதான் தாங்கும், நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒளி பாதியாகும். உங்களுக்கு வரவேண்டியதில் கால் பங்குகூட வந்து சேரவில்லை.

முதலில் வீட்டுக்குள் பாருங்கள். ஒயரை ஆணியில் மடக்கிக் கட்டியிருந்தால் பிரித்து, பெரிய வளையமாக விடுங்கள். அப்புறம் கனெக்டரின் நிறம். பச்சைக்குள் பச்சைதான் போக வேண்டும். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலத்தின் முனை நேரானது. இரண்டையும் சேர்த்தால் உள்ளே நுழையும், கிளிக் சத்தமும் கேட்கும், நடுவில் காற்று இடைவெளி நிற்கும், பவர் விழும். முனையைச் சட்டையில் துடைக்காதீர்கள், கையில் தொடாதீர்கள், எரிகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. இதற்கெல்லாம் பிறகும் 27 என்றால் கம்பத்துப் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும். லைன்மேனிடம் "சரியா" என்று கேட்காமல், பெட்டிக்குள் மீட்டர் வைத்தால் எவ்வளவு காட்டுகிறது என்று எண்ணைக் கேளுங்கள்.